சபை தேடிப் போன சௌந்தரி அக்கா

புதன்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அப்பா வாசலில் நின்று போனில் பேசினார். "எப்போ?", "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல், "சௌந்தரி போயிருச்சு. எலிக்காய்ச்சலாம்" என்றார். அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்: "நம்ம வீட்டுல இருந்து யாரும் போகக் கூடாது. பாஸ்டர் சொல்லிட்டாரு." அம்மா மறுபடி பின்னத் தொடங்கினார். அன்று முழுவதும் பள்ளிக்கூடத்தில் எனக்கு மண்டை வலித்தது. அவ்வளவு இறுக்கமாகப் பின்னியிருந்தார்.

சௌந்தரி அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுவதை முதலிலிருந்து எழுது என்று, கிடங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மல்லிகா அக்கா சொன்னார். அதனால் தெரிந்ததையே எழுதுகிறேன். அக்கா தென்காசிப் பக்கத்துக்காரர். வயது முப்பத்து மூன்று. கணவர் இங்கே மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்குகிறார். இரண்டாம் வகுப்பு படிக்கிற அக்சா என்று ஒரு மகள். அக்கா உங்களோடும் என் அம்மாவோடும் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். சுண்ணாம்பில் புரட்டிக் காயவைத்த சுக்கைச் சல்லடையில் குலுக்கி, நல்லதையும் சொத்தையையும் பிரிக்கிற வேலை. சாயங்காலம் நீங்கள் எல்லாரும் புருவம் வரைக்கும் வெள்ளையாக வெளியே வருவீர்கள். அக்கா மட்டும் அந்தக் கோலத்தோடு பேக்கரிக்குள் போய், "மேக்கப்பு எப்படி இருக்கு சேட்டா?" என்று கேட்டுவிட்டு மகளுக்கு பன் வாங்குவார்.

நம்மில் பலர் போகிற மாடிச் சபைக்குத்தான் அக்காவும் வந்துகொண்டிருந்தார், நான்கு மாதத்துக்கு முன்பு வரை. அதன் பிறகு அவரோடு யாரும் பேசக் கூடாது என்று ஆனது. அதற்குக் காரணமான ஜெபச் சீட்டை எழுதச் சொன்னவர் மல்லிகா அக்கா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை, அதை நானாகத்தான் எழுதினேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு எழுதலாம் என்று விட்டால் விட்டுவிடுவேன்.

அப்பா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கிடங்கில் உங்கள் முன்னால் இதை வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் செய்ய முடியாது.

புதன்கிழமை மாலை பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட காப்பியைக் குடித்தார். என் படிப்பைப் பற்றி விசாரித்தார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். அன்றும் அப்படித்தான் பேசினார். "பாப்பா, நீ எழுதின சீட்டு ஆண்டவர் கொடுத்த எச்சரிப்பு. அந்தச் சகோதரி கேக்கல. சபையை விட்டு வெளிய போனா என்ன ஆகும்னு ஜனங்களுக்குத் தெரியணும். ஞாயித்துக்கிழமை நீ எழுந்து சாட்சி சொல்லு. நாங்க சொன்னா பிரசங்கம்னு நெனச்சுப்பாங்க. பிள்ள சொன்னா மனசுல ஏறும்."

"சொல்லுவா அய்யா. நல்லாப் பேசுவா" என்றார் அப்பா. அவர் முகத்தில் பெருமை இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது எனக்கே தெரிந்தது.

பாஸ்டரைக் கெட்டவர் என்று எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. அப்பா குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் மூன்று இரவு எங்கள் வீட்டிலேயே, அப்பாவின் பாயில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்பா வாந்தி எடுத்ததை அவரே துடைத்தார். "இந்தச் சபை இல்லன்னா நான் பஜார்ல ஏதாவது ஓடையில கெடந்திருப்பேன்" என்று அப்பா சொல்வது உண்மை. பள்ளிக்கூடத்தில் நான் மலையாளம்தான் படிக்கிறேன். இந்தத் தமிழ் எழுத்தை எனக்கு ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இந்தச் சபைதான். அதனால்தான் ஆராதனை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்கு ஜெபச் சீட்டு எழுதித் தர முடிந்தது. மகனுக்கு வேலை, மாமியாருக்கு மனமாற்றம், முட்டிவலி என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி பெட்டியில் போடுவேன். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் அவற்றை எடுத்து ஜெபிப்பார். அடுத்தவருக்காக எழுதும்போது அவர் பெயரை எழுதலாம். எழுதியவர் பெயர் இருக்காது.

அக்கா வேறு சபை தேடத் தொடங்கியது ஒரு சட்டிக் கஞ்சியில். நம் சபையை விட்டுப் போன மேஸ்திரி குடும்பம் ஒன்று இருந்ததே, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபோது அக்கா கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு, போனவர்களுடைய வீட்டு வாசலை மிதிப்பது பாவத்துக்குப் பங்காளியாவது என்று பிரசங்கம் நடந்தது. அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பிள்ள பெத்தவளுக்குக் கஞ்சி குடுக்கக் கூடாதுன்னு பைபிள்ல எந்த அதிகாரத்துல இருக்குன்னு தேடிச் சொல்லு பிள்ள. நீதான் படிச்சவ." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம், துணி எடுக்க வேண்டும், துணைக்கு ஜெனி வரட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அக்கா என்னைக் கலூருக்குக் கூட்டிப்போனார். அக்காவுக்கு மலையாளம் பேச ஓரளவு வரும், வாசிக்க வராது. பலகை வாசிக்கத்தான் நான். பஸ் ஏறிய பிறகுதான் வேறு சபை பார்க்கப் போகிறோம் என்று சொன்னார். அது பெரிய மண்டபம். குளிரூட்டியிருந்தார்கள். மேடையில் விளக்குகள் நிறம் மாறின. நாங்கள் நுழைந்ததும் நான்கு பேர் வந்து கையைப் பிடித்தார்கள், பேர் எழுதினார்கள், போன் நம்பர் எழுதினார்கள், ஜூஸ் கொடுத்தார்கள். முடிந்து கிளம்பும்போது அக்கா நேராக அந்த நான்கு பேரிடமும் போய், "சும்மா பாக்கத்தான் வந்தோம், இனி வர மாட்டோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருவர் சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொருவர் அக்கா கையிலிருந்த பாட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் அக்கா சொன்னார்: "வரும்போது எல்லாவனும்தான் சிரிக்கான். போறேன்னு சொன்னாத்தான் பிள்ள, பல்லு சொந்தப் பல்லான்னு தெரியும்."

அதுதான் அவர் முறை. ஒரு சபையின் பாட்டையோ பிரசங்கத்தையோ அவர் பெரிதாகக் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாடும்போது வாயசைத்துக்கொண்டே சுற்றிலும் பார்ப்பார்.

திருப்பூணித்துறையில் தமிழ் ஆராதனை நடக்கிற ஓர் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார். அக்கா சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்றார். எந்தத் தெரு என்று கேட்டார். அக்கா தெருவின் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, காற்று வரவில்லை என்று சொல்லி முன்வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் தலைக்கு மேல்தான் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். வெளியே வந்து, "தெருப் பேரு கேட்டா அது சபை இல்ல பிள்ள, போஸ்ட் ஆபீசு" என்றார்.

எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றி எழுதினால் அது பொய். ஒரு முறை ஏமாந்தார். நகரத்துக்குள்ளேயே ஒரு ஜெப வீடு. அங்கே பெண்களுக்கான கழிப்பறை பளபளவென்று இருந்தது. அக்காவுக்கு அது போதும். "பொம்பளைங்களுக்குன்னு ஒரு கக்கூஸ இப்படி வச்சிருக்கானுவன்னா பொம்பளைய மதிக்கானுவன்னு அர்த்தம்" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே சேர்ந்துவிடுவது என்று முடிவு. அடுத்த வாரம் போனபோது கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டோம். ஒரு தமிழ்ப் பெண் வாளியோடு கழிப்பறையிலிருந்து வெளியே வந்தார். ஆராதனை தொடங்கியதும் அவர் உள்ளே வரவில்லை. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்து, அங்கிருந்தே கையைத் தூக்கித் துதித்தார். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அக்கா எழுந்து போய் அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் போனேன். முடிகிறவரை மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். "கழுவி இருக்கத பாத்தேன், கழுவினவள பாக்கல" என்று அக்கா அன்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் ஏதோ சமாதானம் சொல்லப்போய் எனக்கும் திட்டு விழுந்தது. அக்காவுக்கு வாய் அதிகம். உங்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை.

கடைசியாகப் போனது வைப்பின். ஜங்கார் என்கிற படகில் ஏறி அக்கரைக்குப் போய், பிறகு கொஞ்சம் நடை. மீன்காரர்களுடைய சிறிய கிறிஸ்தவக் கோயில். உள்ளே போவதற்கு முன்பே அக்கா எதிரிலிருந்த சாயாக்கடையில் நுழைந்தார். அது எனக்குப் புதிதாக இருந்தது.

"சேட்டா, ஈ பள்ளிய விட்டு ஆராவது போயிட்டுண்டோ?" என்று தன் பாதி மலையாளத்தில் கேட்டார். இந்தக் கோயிலை விட்டு யாராவது போயிருக்கிறார்களா என்று. இங்கே கிறிஸ்தவக் கோயிலையும் பள்ளி என்றுதான் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

சேட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே, "உண்டல்லோ. ஞான் தன்னே" என்றார். நானேதான். வருடக்கணக்காகப் போவதில்லையாம். அச்சனோடு, அதாவது பாதிரியாரோடு, ஏதோ தகராறு. சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் சாயாவைத் தனியாகத் தட்டு போட்டு மூடி வைத்தார். அது யாருக்கு என்று அக்கா கேட்டார். "அச்சனு."

அக்கா என்னைப் பார்த்தார். நாங்கள் கோயிலுக்குள் போகவே இல்லை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். ஆராதனை முடிந்ததும் வயதான அந்தப் பாதிரியார் நேராகக் கடைக்கு வந்து, மூடி வைத்த சாயாவைத் தானே எடுத்துக்கொண்டு, "எந்தாடோ, இன்னும் கண்டில்லல்லோ" என்றார். இன்றும் உன்னைக் காணவில்லையே என்று. "நாளெயும் காணில்ல" என்றார் சேட்டன். அச்சன் சிரித்தார். பிறகு சேட்டனுடைய அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், கூட யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், அன்று காலை தானே வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது ஜங்காரில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முழுவதும் ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு போனது. "இதுதான் பிள்ள" என்றார். "உள்ள இருக்கவங்கள எல்லா சபையும் நல்லாத்தான் பாத்துக்கிடும். போனவன பத்தி என்ன பேசுதாங்க, போனவன் வீட்டுல ஒரு கஷ்டம்னா போறாங்களா, அத பாத்தாப் போதும். எனக்குப் பாட்டு புரியலன்னா பரவால்ல."

அதுவரை தேடுவது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. பஸ், ஜூஸ், அக்காவின் பேச்சு. கண்டுபிடித்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் அவர் எங்கள் சபைக்கு வர மாட்டார், போனவர்களோடு பேசக் கூடாது, அதனால் நானும் அவரும் பேச முடியாது. இதை அவரிடம் சொல்லி அழுதிருக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சீட்டுகளை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒன்றை எனக்காக எழுதினேன். "சௌந்தரி அக்கா வேறு சபை தேடுகிறார். அவர் நம்மை விட்டுப் போகாமல் இருக்க ஜெபிக்கவும்." எழுதி மடித்துப் பெட்டியில் போட்டேன். பாஸ்டர் தனியாக முழங்காலில் நின்று ஜெபிப்பார், ஆண்டவர் கேட்பார், அக்கா மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் சீட்டைப் பிரித்தார், கண்ணாடியைச் சரி செய்தார், சத்தமாக வாசித்தார். நீங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா திரும்பவில்லை. எழுந்து நின்று, "ஆமா அய்யா, தேடினேன். கெடச்சிருச்சு" என்றார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அக்காவோடு கிடங்கில் ஒரே சல்லடையில் உட்கார்ந்தவர் மல்லிகா அக்காதான் என்பதால், அவர்தான் என்னிடம் சொல்லி எழுத வைத்தார் என்று பேச்சு வந்தது. பாஸ்டருக்கும் அப்பாவுக்கும் உண்மை தெரியும், அன்று இரவே கேட்டார்கள், சொல்லிவிட்டேன். அவர்கள் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்கலாம். உங்களில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மல்லிகா அக்காவின் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் யாரும் தூக்கு வைப்பதில்லை என்று அம்மா சொன்னார். சபையை விட்டுப் போனவர் என்று சிலர் சௌந்தரி அக்காவையும், காட்டிக்கொடுத்தவர் என்று மற்றவர்கள் மல்லிகா அக்காவையும், ஆக மொத்தம் இரண்டு பேரைத் தள்ளி வைத்தோம்.

இப்போது அப்பா எழுந்து தண்ணீர் குடித்தார். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். "யாரு அடுப்படியில?" என்று கேட்டார். "பூனை" என்று அம்மா படுத்துக்கொண்டே பதில் சொன்னார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது இரண்டு மாதம் முன்பு, பள்ளிக்கூடம் போகிற பஸ் நிறுத்தத்தில். அக்சாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். பேசினால் யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்வார்கள். அக்கா சற்றுத் தள்ளி நின்று, மகளிடம் சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

"அக்சா, அந்தா ஒரு அக்கா நிக்குதால்லா, அவகிட்ட அம்மா பேசல. உங்கிட்டதான் பேசுதேன். நல்லாக் கேட்டுக்க. நாம வைப்பின்ல சேந்தாச்சு. மொத நாளே அம்மா பாட்டுப் புஸ்தகத்தத் தலகீழாப் பிடிச்சேன். பக்கத்துல இருந்த சேச்சி ஒண்ணும் சொல்லாம அவ புஸ்தகத்தையும் தலகீழாத் திருப்பிக்கிட்டா."

அக்சா, "அம்மா, எனக்குத் தெரியுமே, நானும் இருந்தேனே" என்றாள்.

"நீ சும்மா இரு. இன்னும் முடியல. ஒரு சீட்டு வாசிச்சாங்கல்லா, அத பாஸ்டர் எங்கிட்டயும் காட்டுனாரு. அது மல்லிகா சொல்லி எழுதினது இல்ல, அம்மா சபை தேடினதே மல்லிகாவுக்குத் தெரியாது. எழுதினவளுக்கு எம்மேல பாசம். பாசத்துக்குச் சீட்டு எழுதக் கூடாது அக்சா, நேர்ல வந்து அழணும். எனக்கு அவகிட்ட கோவம் இல்ல. ஆனா மல்லிகாகிட்ட அவ ஒரு வார்த்த சொல்லணும். அத நான் சொல்லக் கூடாது. அது அவ சொல்லுத வார்த்த."

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இரண்டு மாதமாக நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் இருந்தது எனக்கு.

இன்று மதியம் அடக்கம் நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அம்மா வேலைக்குப் போன சேலையை நனைத்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா தலைக்கு ஊற்றுவது வழக்கம் இல்லை. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"நிறையப் பேரு வந்தாங்களாம்மா?"

"ஒரு படகு நெறய வந்தாங்க, வைப்பின்ல இருந்து. ஒரு சேச்சி அக்சாவ மடியில வச்சுக்கிட்டே இருந்தா. மல்லிகா தனியா நின்னா."

"நம்ம சபையில இருந்து?"

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மல்லிகாவ விட்டா நான்தான்" என்றார். "உங்க அப்பா கேட்டா தலவலின்னு ஊத்தினேன்னு சொல்லு."

மல்லிகா அக்கா அதற்கு முன்பே, பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றிருந்தார். அடக்கத்துக்குப் போன அதே சேலை. "நீதான எங்களுக்கெல்லாம் சீட்டு எழுதுவ. அவளுக்கும் ஒண்ணு எழுது ஜெனி. அவ யாரு, எப்படி இருந்தான்னு. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல வந்து வாசி. நான் கூப்பிட்டா எவளும் வந்து உக்கார மாட்டா. நீ வாசிச்சா உக்காருவாளுவ." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டால் மாற்ற முடியாது. சனிக்கிழமை இதை வாசிப்பேன். உங்களில் பாதிப் பேர் சபைக்காரர்கள், அதனால் அன்று சாயங்காலத்துக்குள் பாஸ்டர் காதுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கூப்பிடாமல் விடலாம். கூப்பிட்டால் எழுந்து நிற்பேன். சௌந்தரி அக்கா சபையை விட்டுப் போனதால் சாகவில்லை, எலிக்காய்ச்சலில் இறந்தார் என்று சொல்வேன். தெருவெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த வாரத்தில் அதில் நடந்துதான் அவரும் நீங்களும் வேலைக்குப் போனீர்கள். அந்தத் தண்ணீர் யார் எந்தச் சபை என்று பார்க்கவில்லை. பிறகு பாஸ்டரிடமே கேட்பேன், அடக்கத்துக்கு நாம் ஏன் போகவில்லை அய்யா என்று. மரியாதையாகத்தான் கேட்பேன். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்து எங்கள் சபை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வேன். நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அப்பா அங்கே இருக்கிறார். அப்பா மறுபடி குடித்துவிடுவாரோ என்பதுதான் எனக்கு இருக்கிற பயத்திலேயே பெரிய பயம். என்னை அடிப்பாரோ என்பது அதற்கு அடுத்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. நல்ல சபை எது என்று அவர் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்கவில்லை. கலூர், திருப்பூணித்துறை எல்லாம் அலைந்து, கடைசியில் வெளியே நின்ற ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்தப் பழக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இப்போது நம்மில் வெளியே நிற்பவர் மல்லிகா அக்கா. நிறுத்தியது நான்.

அதனால் சனிக்கிழமை கிடங்குக்கு வந்ததும் முதலில் அவரிடம் போய், தனியாக, நேரில், அந்த வார்த்தையைச் சொல்வேன். அவர் என்னைத் திட்டலாம், அடிக்கலாம், எழுந்து போய்விடலாம். அப்படியானால் இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அவர் உட்காரச் சொன்னால் மட்டும்தான் வாசிப்பேன். இதை நீங்கள் என் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவர் உட்காரச் சொல்லிவிட்டார்.